அடுப்புக்கு அடியில் ஒரு மழைநீர் வடிகால்

என் வீட்டுச் சமையலறை வழியாக ஒரு மழைநீர் வடிகால் போகிறது. கேட்டுக்குள் நுழைந்து, நான் துணி தைக்கிற அறையைக் கடந்து, கேஸ் அடுப்புக்கு நேர் கீழே ஓடி, பின்சுவரைத் தாண்டி, அந்தப் பக்கம் இருக்கும் கல்யாண மண்டபத்தில் போய் முடிகிறது. நம்பாவிட்டால் முத்திரை குத்திய காகிதம் காட்டுகிறேன். வேலை திருப்திகரமாக முடிந்தது என்று அதில் எழுதியிருக்கிறது. யாருடைய திருப்தி என்று எழுத இடம் போதவில்லை போலிருக்கிறது. அந்தக் காகிதம் எங்கள் கைக்கு வந்த வருஷத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

கோயமுத்தூரை ஒட்டி இருக்கும் ஒரு நகராட்சி எங்களுடையது. பேர் வேண்டாம், அங்கேதான் இன்னும் குடியிருக்கிறேன். எங்கள் தெரு மெயின் ரோட்டில் ஆரம்பித்து, மெல்லச் சரிந்து வந்து, என் வீட்டுக் கேட்டில் முட்டி நிற்கும். தெருக்குத்து வீடு. அதற்குப் பரிகாரமாக வாசல் சுவரில் ஒரு பிள்ளையாரை வைத்திருக்கிறோம். கண் திருஷ்டி, காற்று கருப்பு எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொண்டார். தண்ணீர் மட்டும் அவர் டிபார்ட்மெண்ட் இல்லை. ரோடு போடுகிறவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் இப்போது ஒரு படி இறங்கி நுழைகிறோம். ஐப்பசி பிறந்தால் தெருவின் மொத்தத் தண்ணீரும் கூப்பிடாத விருந்தாளியாக வந்து நாலு நாள் தங்கிவிட்டுப் போகும்.

நான் ஜாக்கெட் தைக்கிறவள். ஐப்பசியில்தான் தீபாவளி, தீபாவளிக்குத்தான் வேலை. ஒரு வருஷம் தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது தண்ணீர் அலமாரியின் கீழ்த்தட்டு வரை ஏறி, ஊர்ப் பெண்களின் பட்டு ஜாக்கெட் பதினொன்றைச் சாயம் போக வைத்தது. பதினொன்றுக்கும் நான் துணி வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் சொன்னார், "அடுத்த ஐப்பசிக்கும் தண்ணி வந்துதுன்னா இந்த ஊட்டை வித்துப்போட்டு சரவணம்பட்டிப் பக்கம் போயிரலாம் அம்மணி. ஏழாவது மாடி. மழை பேஞ்சா எட்டிப் பாத்துக்கலாம்."

அவர் பம்புசெட் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் அளந்து பார்த்துவிட்டுத்தான் பேசுவார். அதனால் இது விளையாட்டுப் பேச்சில்லை என்று தெரிந்தது. ஏழாவது மாடிக்கு, வாட்ச்மேனிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு, லிஃப்டில் ஏறி, ஒரு ஜாக்கெட் பிட்டைத் தூக்கிக்கொண்டு எந்தப் பெண் வருவாள்? என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் இந்தத் தெருவும் அடுத்த மூன்று தெருவும்தான். இருபத்திரண்டு வருஷமாகச் சேர்த்த கூட்டம். அங்கே போனால் மிஷினுக்குத் துணி போர்த்திவிட்டு டிவி பார்க்க வேண்டியதுதான். ஆக, எனக்கு ஒரு ஐப்பசி வரைக்கும் கெடு.

இத்தனைக்கும் தெருவுக்கு வடிகால் வந்திருந்தது. மெயின் ரோட்டிலிருந்து ஜோராகத் தோண்டிக் கட்டிக்கொண்டே வந்தார்கள். என் வீட்டுக்கு மூன்று வீடு இருக்கும்போது நிறுத்தினார்கள். என் காம்பவுண்டை ஒட்டிப் பெரிய ஓடை போகிறது. அதில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தால் சனி விட்டிருக்கும். கேட்டால், ஃபண்ட் முடிந்துவிட்டது. இரண்டு வருஷமாக அதே பதில். முன்பு பரவலாக வந்த தண்ணீர், வடிகால் புண்ணியத்தில் ஒரே வாயாகச் சேர்ந்து என் கேட்டைக் குறி பார்த்து வந்தது.

எங்கள் தெருவுக்கு ஒரு தலைவி உண்டு. வலப்பக்க வரிசையில் இருக்கும் கிணத்துக்கடவு அக்கா. அந்த ஊரில் அவர்களுக்குத் தென்னந்தோப்பு. வீட்டில் ஆளுக்கொரு கார் நிற்கிறது, ஆனால் அக்கா காய்கறிக்காரரிடம் கொத்தமல்லிக் கொசுறு கேட்காமல் விட மாட்டார். தெருமுனையில் லைனிங் துணியும் நூலும் விற்கிற பாய், அக்காவுக்கு மந்திரி மாதிரி. கோட்டைமேட்டில் பிறந்து வளர்ந்த மனுஷர். எந்த ஆபீசுக்கு எந்த மனு, எந்த ஸ்டாம்பு என்று விரல்நுனியில் வைத்திருப்பார். இவர்கள் இரண்டு பேரும் முன்னால் நடக்க, பதினோரு பேர் ஒரு திங்கட்கிழமை நகராட்சி ஆபீசுக்குப் போனோம். ஃபண்ட் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, கணக்கைக் காட்டு என்று கேட்பதாக ஏற்பாடு. வழியெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு வசனம் மனப்பாடம் செய்தேன்.

எங்கள் ஊரில் சண்டை போடுவதில் ஒரு சிரமம் இருக்கிறது. எதிராளி "வாங்க, உக்காருங்க, டீ சாப்புடறீங்களா" என்றுவிட்டால் எங்கள் ஆட்களுக்குக் கை கால் ஓடாது. அந்த உதவி இஞ்சினியர் முப்பது வயசுப் பையன். பதினோரு பேருக்கும் நாற்காலி தேடிப் போட்டான். டீயும் வந்தது. டீயைக் குடித்துவிட்டு எப்படிங்க கோபப்படுவது?

"ஒண்ணுமில்லீங் தம்பி, சும்மா இந்தப் பக்கம் வந்தோம், அப்படியே பாத்துட்டுப் போலாம்னு" என்றார் அக்கா. நான் அவர் முதுகில் குத்தினேன். "ஆனா அந்தச் சாக்கடை..."

"நானும் இங்க வந்து எட்டு மாசம்தானுங்க ஆச்சு, அக்கா. ஃபண்டு வந்ததும் மொத வேலை உங்களுதுதானுங்க."

"அப்படிங்களா, ரொம்ப சந்தோசமுங்க."

நன்றி சொல்லிவிட்டு எழுந்தோம். அதுகூடப் பரவாயில்லை. நான் தையல்காரி என்று பேச்சுவாக்கில் தெரிந்ததும், அந்தப் பையன் தன் மனைவிக்கு வளைகாப்பு வருவதாகவும், பட்டு ஜாக்கெட்டை நல்லபடியாகத் தைக்க ஆள் கிடைக்கவில்லை என்றும் சொன்னான். சண்டைக்குப் போன நான் ஜாக்கெட் ஆர்டரோடு திரும்பி வந்தேன். அதுவும் அட்வான்ஸ் வாங்காமல். வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புரையேறும் வரை சிரித்தார்.

ஆத்திரம் அப்போதுதான் வந்தது. எங்கள் மேல்தான். பாய் கடையில் கூடி, இனிமேல் ஆபீசில் யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். பாய் சொன்னார், "வாயால கேட்டா நாம தேறமாட்டோம், தங்கச்சி. எழுதிக் கேப்போம். காகிதத்துக்கு யாரும் டீ குடுக்க முடியாதுல்ல." தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினார். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினார். வடிகாலுக்கான மதிப்பீடு, பில், முடிந்த வேலையை அளந்து எழுதுகிற அளவுப் புத்தகத்தின் நகல், மூன்றும் வேண்டும் என்று கேட்டிருந்தார். மனுவின் கடைசியில் அக்கா "சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்று சேர்க்கச் சொன்னார். பாய் கேட்காத மாதிரி கவரை ஒட்டிவிட்டார்.

சட்டம் சொல்கிற முப்பது நாளுக்குள் பதில் வந்தது. அதை நான் துணி வெட்டுகிற மேசையில் விரித்தோம். பாயும் அக்காவும் தொகையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தொகை புரியவில்லை, அளவு புரிந்தது. என் பிழைப்பே அளவுதானே. தெரு வடிகால், நீளம் 146 மீட்டர், முழுவதும் முடிந்தது, பணம் பட்டுவாடா செய்யப்பட்டது. நூற்று நாற்பத்தாறா? ஒரு மீட்டர் துணியில் ஜாக்கெட் தைத்துக் கொடு என்று ஒருத்தி சொன்னால், அந்த உடம்புக்கு அது காணுமா காணாதா என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரியும். அந்த நீளம் எங்கள் தெருவின் உடம்புக்குப் பொருந்தவில்லை.

"அக்கா, நம்ம தெருவே அவ்வளவு இருக்காதுங்க" என்றேன்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பாய் முதலில் சிரித்தார். பிறகு அக்கா. நான் சிரித்த சிரிப்பில் ஊசி டப்பா கீழே விழுந்தது. ஃபண்ட் முடியவில்லை, தெரு முடிந்த பிறகும் ஃபண்ட் ஓடியிருக்கிறது!

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தெருவை அளந்தோம். என் இஞ்ச் டேப்பில்தான் ஆரம்பித்தோம். அது பழசு, இழுத்து இழுத்து நீண்டுபோனது, அதன் கணக்கு நகராட்சிக் கணக்கைவிட மோசமாக இருந்தது. பாய் கடையிலிருந்து துணி அளக்கிற இரும்பு மீட்டர் கம்பியை எடுத்து வந்தார். அவர் கம்பியை வைத்துப் புரட்டிக்கொண்டே வர, நான் தையல் சாக்பீசால் கோடு போட, அக்கா எண்ணினார். கோலம் போட வந்த பெண்கள், பால்காரர், நடைப்பயிற்சிக்குக் கிளம்பியவர்கள் என்று பின்னால் ஒரு ஊர்வலம் சேர்ந்துவிட்டது. பார்த்தால் மாரியம்மன் நோம்பிக்கு வந்த கூட்டம் என்றுதான் நினைப்பீர்கள்.

நூற்றெட்டு என்று வந்தது. ரோட்டில் போட்ட கோடுகளை நான் எண்ணினால் நூற்றுப் பன்னிரண்டு. மறுபடி அளந்தோம், மறுபடி அதே வித்தியாசம். மூன்றாவது தடவை அக்கா வாயையே பார்த்துக்கொண்டு நடந்தேன். நூறு முடிந்ததும், அடுத்த நாலு கம்பிக்கு அவர் எண்ணவே இல்லை. கையை மட்டும் ஆட்டினார். ஐந்தாவதுக்கு "நூத்தி ஒண்ணு" என்றார்.

"அக்கா, நடுவுல நாலு எங்கீங்க?"

"அது லாபக்காய் கண்ணு" என்றார் அக்கா, வெகு இயல்பாக. தோப்பில் தேங்காய் எண்ணும்போது நூறுக்கு மேல் நாலு காயை எண்ணாமல் வியாபாரிக்கு விட்டுவிடுவார்களாம். சின்ன வயசிலிருந்து எண்ணி வந்த பழக்கத்தில் தெருவிலும் நாலு மீட்டரை யாருக்கோ விட்டுவிட்டார். பாய் கம்பியைக் கீழே போட்டுவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தார். "நீங்க நாலு உட்டீங்க, காண்ட்ராக்டர் முப்பத்துநாலு எடுத்துக்கிட்டாருங்க" என்றார்.

ஆக, தெரு 112 மீட்டர். கட்டியது 81. புத்தகத்தில் 146. இந்த மூன்று எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு மறுநாளே ஆபீசுக்குப் போனோம். டீ வந்தது. ஒருவரும் தொடவில்லை. அக்கா கண்களை மூடிக்கொண்டார், ஏலக்காய் வாசனை வேறு. நான்தான் பேசினேன். அந்தப் பையன் முகம் வெளிறிப்போனது. புத்தகத்தில் எழுதியது அவனுக்கு முன்னால் இருந்தவர். ஆனால் பதில் சொல்ல வேண்டியது இவன். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்.

"நேர்ல வந்து அளந்து எழுதிக் குடுக்கலாமுங்க. ஆனா தெருவ அளக்க வந்தா ஊடுகளையும் அளக்கச் சொல்லுவாங்க. வரிக்கு நீங்க எழுதிக் குடுத்த அளவு சரியான்னு. பரவாயில்லீங்களா?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. பதினோரு பேரும் ஒரே நேரத்தில் டீயை எடுத்துக் குடித்தோம்.

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? எங்கள் தெருவில் எல்லா மடியிலும் கனம். சொத்துவரிக்கு வீட்டின் அளவை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். நாமே எழுதுவது என்றால் நமக்குத் தோதாகத்தானே எழுதுவோம். மாடியில் ஒரு அறை கட்டியவர் அதை எழுதவில்லை. கார் ஷெட்டை மூடி ஹாலாக்கியவர் அதைச் சொல்லவில்லை. அக்கா வீட்டு மாடியில் இரண்டு போர்ஷன் வாடகைக்கு ஓடுகிறது. காகிதத்தில் அந்த இடத்தில் வானம்தான் இருக்கிறது. மறுநாள் தெருவின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் ஒரே மரியாதை. ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவருக்கு வால்பாறையில் உறவினர் கல்யாணம், பத்து நாள் ஆகுமாம். "போச்சாது உடுங்க, மெதுவாப் பாத்துக்கலாம்" என்று மூன்று பேர். அக்கா கும்பிடும் கை படம் ஒன்றைப் போட்டுவிட்டு அமைதியாகிவிட்டார். பாய் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அவர் கடைக்குப் பின்னால் ஒரு குடோன் உண்டு என்பது எனக்குத் தெரியும்.

எனக்கு வந்த கோபத்தில் ஒரு ஜாக்கெட்டின் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். அதைப் பிரித்துக்கொண்டே வீட்டுக்காரரிடம் பொரிந்தேன். பயந்தாங்கொள்ளிகள், அடுத்தவன் கணக்கைக் கேட்கத் தெரியும், தன் கணக்கைக் காட்டத் தெரியாது என்றெல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நம்மளது மட்டும் சரியா இருக்குதா?" என்றார்.

"நம்ம ஊட்டுல என்ன இருக்குது மறைக்கறதுக்கு?"

"இந்தத் தையல் ரூமு. ஊடு கட்டுனதுக்கு அப்பறம் போட்டதுதானே. வரி ஃபாரம் வாங்க வந்தவர் கேட்டப்ப, அது ஒண்ணுமில்லீங்க, ஊட்டுக்காரிக்குப் பொழுதுபோக்குங்க, சும்மா தகரச் சீட்டுப் போட்டு வெச்சிருக்குதுன்னு சொல்லிப்போட்டேன். அப்ப எழுத வேண்டாம்னுட்டுப் போயிட்டாரு."

பொழுதுபோக்கு.

மகன் காலேஜ் ஃபீஸில் பாதி இந்த மிஷினில் ஓட்டியது. வீட்டுக் கடனில் கடைசி ஆறு வருஷம் இந்த மிஷின். என் கழுத்து வலி, என் கண்ணாடி, பதினொரு பட்டு ஜாக்கெட், எல்லாம் பொழுதுபோக்கு. அவர் வரிக்குப் பயந்துதான் சொன்னார், எனக்குத் தெரியும், கெட்ட எண்ணம் இல்லாத மனுஷர். ஆனால் அந்த ஒரு வார்த்தை பொறுக்கவில்லை. அழுகை வரவில்லை, கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு வேலை ஓடும்.

அன்றைக்கே என் வீட்டை அளந்தேன். சமையலறை, படுக்கையறை, பாத்ரூம், ஒரு இஞ்ச் விடவில்லை. ஜாக்கெட் பிட்டு வருகிற அட்டைப் பெட்டியைக் கிழித்து, மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதினேன். வரிக்குக் காட்டியது இவ்வளவு, உண்மையில் இருப்பது இவ்வளவு. வித்தியாசம்: ஒரு தையல் கடை, பதினெட்டுக்கு ஒன்பது அடி, இருபத்திரண்டு வருஷமாக நடக்கிறது. கேட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டேன். தெருக்குத்து வீட்டுக்கு ஒரு வசதி, தெருவில் எங்கே நின்றாலும் கண்ணில் படும்.

மத்தியானம் வரை தெரு அந்தப் பக்கமே பார்க்காமல் நடந்தது. ஒரு மணிக்கு அக்கா வந்தார். அட்டையை இரண்டு தடவை படித்தார். "இதென்ன கண்ணு, துணியில்லாம நிக்கற மாதிரி" என்றார். நான் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன். போய்விட்டார். சோறு உண்டிருப்பார், அரைமணி நேரம் ஆகியிருக்கும். அக்கா வீட்டு மொட்டைமாடியிலிருந்து ஒரு சத்தம், மெயின் ரோடு வரை கேட்டது.

"ஏனுங் பாய்! அந்தக் கம்பிய எடுத்துட்டு வாங். மேல ரெண்டு போர்ஷன் இருக்குதுங்க, அளந்து போடலாம்!"

அதற்கு மேல் நடந்ததை எப்படிச் சொல்வது? தெருவுக்கே பித்துப் பிடித்துவிட்டது. பாய் தன் குடோனை அளந்துவிட்டுத்தான் அக்கா வீட்டுக்கு வந்தார். முழங்கால் வலிக்காரர் மாடிப்படியில் ஓடி ஏறினார். வால்பாறைக் கல்யாணத்துக்குப் போனவர் உள்ளூரிலேயே இருந்து வெளிப்பட்டார். ஒரு வீட்டில் இருபது வருஷமாக இருக்கிற பூஜை அறையை எழுதலாமா வேண்டாமா என்று மாமியாரும் மருமகளும் வாதாடினார்கள். சாமிக்கு வரி போடலாமா என்று ஒருத்தி, சாமி பொய் சொல்லுமா என்று இன்னொருத்தி. அக்கா எண்ணிய வீடுகளை எல்லாம் நான் பின்னாலேயே போய் இரண்டாம் தடவை எண்ணினேன், நாலு அடி லாபக்காய் போய்விடக் கூடாதே என்று.

புதன்கிழமை வரி கவுண்டரில் முப்பது பேர் வரிசையில் நின்றோம். கவுண்டரில் இருந்த அம்மா முதலில், வரியைக் குறைக்கச் சொல்லித் தகராறு செய்ய வந்த கூட்டம் என்று நினைத்து, சாப்பிடப் போகிறேன் என்று எழுந்தார். கூட்டித்தான் போடச் சொல்கிறோம் என்றதும் உட்கார்ந்தார். ஒவ்வொரு ஃபாரமாக வாங்கும்போதும் எங்கள் முகத்தைப் பார்த்தார். ஐந்தாவது ஃபாரத்துக்கு மேல் அவராலும் முடியவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். என் ஃபாரத்தை வீட்டுக்காரர்தான் நிரப்பினார். லேத்தில் நிற்கிற மாதிரி குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். உபயோகம் என்ற இடத்தில் குடியிருப்பு என்று எழுதிவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மற்றும் தையல் கடை என்று சேர்த்தார். அரையாண்டு வரி கூடியது. வலிக்கத்தான் செய்தது.

மடி காலியானதும் எங்களுக்கு வந்த தைரியம் இருக்கிறதே! அதே படியேறி மாடியில் இஞ்சினியர் முன்னால் போய் நின்றோம். "இப்ப வந்து அளங் தம்பி" என்றார் அக்கா. டீ வருவதற்குள் இறங்கி வந்துவிட்டோம்.

அவன் வந்தான். அளவுப் புத்தகத்தையும் நீளமான டேப்பையும் கொண்டு வந்தான். வந்த அன்று வெள்ளிக்கிழமை. மெயின் ரோட்டிலிருந்து அவனே அளந்தான். 81-இல் வடிகால் நின்றது. 112-இல் என் கேட். "மீதி முப்பத்துநாலு இருக்குதுங்க, வாங்க" என்று கேட்டைத் திறந்துவிட்டேன். சாக்பீஸ் கோட்டை முன்கூட்டியே வீட்டுக்குள் போட்டு வைத்திருந்தேன். தையல் கடை வழியாக வந்தான். அங்கே அவன் மனைவியின் பட்டு ஜாக்கெட் ஹேங்கரில் தொங்கியது, அதையும் பார்த்தான். சமையலறையில் அடுப்புக்கு முன்னால் கோட்டின் மேல் நின்றான்.

"இங்க வடிகால் எங்கீங்க அக்கா?"

"அடுப்புக்கு அடியிலீங்க. தோசை ஊத்தறப்ப உள்ள உழுந்துராமப் பாத்துக்கறோமுங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. ஆனால் நம்பர் முடியவில்லையே, இன்னும் பதினாறு மீட்டர் பாக்கி. பின்வாசல் வழியாக மொத்தத் தெருவும் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தோம். உள்ளே யார் வீட்டு நிச்சயதார்த்தமோ. பந்தி நடந்துகொண்டிருந்தது. டேப்பின் கடைசி நுனி இரண்டாவது வரிசையில், ரசம் சோறு உண்டுகொண்டிருந்த ஒரு பெரியவரின் இலைக்கு முன்னால் போய் நின்றது. வடிகால் அங்கேதான் முடிகிறது. பெண் வீட்டுக்காரர் ஓடி வந்தார். அளவெடுக்க வந்தோம் என்றார் அக்கா. அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"அதெல்லாம் பொறகு பாக்கலாமுங்க, மொதல்ல சோறுண்ணுங்க. நம்மூட்டு விசேசத்துக்கு வந்துட்டு உண்ணாமப் போறதா?"

உட்கார வைத்துவிட்டார். முப்பது பேரையும், இஞ்சினியரையும் சேர்த்து. முகம் தெரியாத வீட்டு விருந்தில், அளவுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பையன் பாயசம் குடித்தான். பாய் மொய் எழுதினார், தெருப் பேரில். கை கழுவிவிட்டு வந்து, மண்டபத்து மேசையிலேயே அவன் ஆய்வுக் குறிப்பு எழுதினான். இடத்தில் இருப்பது 81, தெருவின் நீளம் 112, மீதி இல்லை. சாட்சிக் கையெழுத்துக்கு இடம் போதாமல் பின்பக்கமும் போட்டோம். கையெழுத்துப் போட்டு முடித்ததும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, பாவம்.

அந்த முப்பத்துநாலு மீட்டர் பணம் எந்தப் பைக்குள் போனது என்று இன்னும் முழுசாகத் தெரியாது. அதற்குத் தனி மனு போட்டிருக்கிறோம், விசாரணையில் இருப்பதாகப் பதில் வந்திருக்கிறது, விட மாட்டோம். ஆனால் கட்டாமல் விட்ட முப்பத்தொரு மீட்டரைக் காண்ட்ராக்டர் தன் செலவில் முடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. புரட்டாசி கடைசியில் ஆட்கள் வந்தார்கள். தினமும் அக்கா இளநீர் கொடுத்தார், நான் கூடவே நின்று சிமெண்ட் மூட்டையை எண்ணினேன். ஓடையில் கொண்டுபோய்ச் சேர்த்து மூடி போட்டபோது ஐப்பசி பிறந்துவிட்டது.

தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது மழை பிடித்தது. மத்தியானம் மூன்று மணி, விளக்கைப் போட்டுத்தான் தைக்க முடிந்தது. வழக்கம்போல அக்காவும் பாயும் இன்னும் நாலைந்து பேரும் குடையோடு ஓடி வந்தார்கள், மிஷினைத் தூக்கிக் கட்டில் மேல் வைக்க. வந்து நின்றார்கள். தூக்குவதற்கு ஒன்றும் இல்லை. தண்ணீர் வடிகாலுக்குள் பெரும் இரைச்சலோடு ஓடி ஓடையில் விழுந்துகொண்டிருந்தது. தரை காய்ந்து கிடந்தது. நான் சந்தோஷத்தில் கத்திவிட்டேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அக்கா என்னைக் கட்டிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் வீட்டுக்காரருக்குப் போன் வந்தது. ஏழாவது மாடி வீட்டுக்குச் சொல்லி வைத்திருந்த சரவணம்பட்டி புரோக்கர். மழையைப் பார்த்ததும் அவனுக்கு எங்கள் ஞாபகம் வந்திருக்கும். வீட்டுக்காரர் வாசலில் நின்று, இரைச்சலுக்கு மேல் சத்தம் போட்டுப் பேசினார். உள்ளே எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"இல்லீங்க, வர முடியாதுங்க... வெலையெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க... என்ற ஊட்டுக்காரி இங்க கடை வெச்சிருக்காங்க."